காது கிழிந்த ஆடுகள்

மார்ச் 4

தங்கச்சிக்கு,

திங்கட்கிழமை விடியும்போது என் பட்டியில் பதினோரு ஆடுகள் செத்துக் கிடந்தன. நீ காட்டு முகாமில் ஓநாய்க்குக் காவல் இருக்கிறாய், என் ஆட்டுக்கு யார் இருப்பது? பாறைக்குப் பின்னால் குகையில் தாய் ஓநாய் நாலு குட்டி போட்டிருக்கிறது என்று போன வாரம்தான் சொன்னாய். அண்ணன் என்று நம்பிச் சொன்னாயா, என் ஆடு போகப்போவது தெரிந்து ஆழம் பார்த்தாயா?

பக்கத்துப் பட்டி ஆட்டுக்காரர்கள் நேற்று வந்தார்கள். "குகை எங்கேன்னு மட்டும் சொல்லுங்க, விஷம் வெக்கிறது எங்க பாடு" என்கிறார்கள். நான் வாய் திறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மறுபடி வருவார்கள். அங்கே போனுக்கு டவர் கிடைக்காது, அதனால் செத்த ஆடுகளின் போட்டோக்களைப் பால் வண்டிக்காரரிடம் கொடுத்தனுப்புகிறேன். பார்த்துவிட்டு நியாயம் சொல்.

சாப்பிட்டாயா என்று உன் அண்ணி கேட்கச் சொன்னாள். நான் கேட்கவில்லை.

அண்ணன்

மார்ச் 5

அன்புள்ள அண்ணா,

பார்த்தேன். காது கிழிந்திருக்கிறது, பின்னங்கால் குதறப்பட்டிருக்கிறது, ஒன்றைக்கூடத் தின்னவில்லை. ஓநாய் கழுத்தைப் பிடிக்கும், வயிறாரத் தின்னும். இது நாய் வேலை.

கோபப்படாமல் சொல்லுங்கள். அன்றைக்கு உங்கள் காவல் நாய்கள் குரைத்தனவா? செத்துப் பிறக்கும் ஆட்டுக்குட்டிகளை இன்னும் அவற்றுக்குத்தான் போடுகிறீர்களா?

நம்பித்தான் சொன்னேன். இப்போது குகைக்கு எதிரே கூடாரம் போட்டு உட்கார்ந்திருக்கிறேன், உங்களை நினைத்துத்தான். அண்ணியிடம் சாப்பிட்டேன் என்று சொல்லுங்கள்.

தங்கை

மார்ச் 6

தங்கச்சிக்கு,

உன் கடிதத்தைக் கிழித்துப் போடத்தான் நினைத்தேன். பிறகு பட்டிக்குப் போனேன். ஞாயிறு மாலைதான் விற்பனைக்குப் பிரித்த ஆடுகளின் காதில் நீலச் சாயம் பூசியிருந்தேன். மூத்த நாயின் மோவாயில் நீலம். நாலு நாளாகச் சோறு போட்டவன் அதைப் பார்க்கவில்லை. அன்றைக்கு நாய் குரைக்கவும் இல்லை.

"ரத்த ருசி காட்டாதீங்கன்னு தலையால அடிச்சுக்கிட்டேன். புதைச்சா வீணாம், நாய்க்குப் போட்டா தீனி மிச்சமாம்" என்கிறாள் உன் அண்ணி.

ஒன்று உனக்குத் தெரியாது. அந்த நாய்களின் குட்டிகளை ஏழு பட்டிக்கு விற்றிருக்கிறேன், அதே தீனியையும் சொல்லிக் கொடுத்து. வெளியே தெரிந்தால் இனி என் சொல்லை நம்பி எவன் ஆடு பிடிப்பான்? நீ நாயைப் பற்றிச் சொல்லாதே, நான் குகையைப் பற்றிச் சொல்ல மாட்டேன்.

அண்ணன்

மார்ச் 7

அண்ணா,

நான் வாயை மூடினால் பழி ஓநாய்மேல் நிற்கும். நீங்கள் சொல்லாவிட்டாலும் குகையைத் தேடுவார்கள். நாளை ஆட்டுக்காரர்கள் வரும்போது நீங்களே சொல்லுங்கள். மதியத்துக்குள் சொல்லவில்லை என்றால் போட்டோக்களோடு நான் வந்து நிற்பேன்.

தங்கை

மார்ச் 8

தங்கச்சிக்கு,

சொல்லிவிட்டேன். ஒருவர், "ஓநாயைச் சங்கிலி போட்டு நீங்களே வளத்திருக்கீங்க முதலாளி" என்றார். சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் இன்னொருவர் பக்கத்தில் வந்து, "அது சரி, குகை எங்கே?" என்றார். ஆகவே கூடாரத்தைப் பிரிக்காதே. என்னையும் நம்பாதே என்றுதான் சொல்வேன், சொன்னாலும் சொல்லாவிட்டாலும் நீ நம்பப்போவதில்லை.

பேசி முடித்தது இது. விற்ற ஏழு நாய்களையும் நான் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். செத்துப் பிறக்கும் ஆட்டுக்குட்டியை இனி எல்லோரும் புதைக்க வேண்டும். ஓநாய்க் குட்டிகள் வளரும்வரை, மூன்று மாதம், யாரும் பாறைப் பக்கம் மேய்க்கக் கூடாது, விஷம் வைக்கக் கூடாது, அதுவரை என் மேய்ச்சல் நிலம் அவர்களுக்கு. ஆடு செத்தால் நீ வந்து கடியைப் பார்க்க வேண்டும், "தங்கச்சி ஓநாய்க் கட்சி" என்பதால் இரண்டு ஆட்டுக்காரர்கள் உன்னோடு நிற்பார்கள். ஓநாய்க் கடி என்று நீ சொன்னால், ஆட்டுக்கு ஆடு என் பட்டியிலிருந்து தருவேன்.

அண்ணன்