வேனில் ஆறு பேர்

ஆகஸ்ட் 4, திங்கள்

காலையில் எட்டு கிலோமீட்டர். பம்ப் ஹவுஸ் மேட்டில் மூன்று தடவை ஏறி இறங்கினோம். நெட்டை என்று நாங்கள் கூப்பிடுகிறவள் வழக்கம்போல் முதலில், எறும்பு வழக்கம்போல் கடைசியில். ஆனால் எறும்பு ஓட்டத்தை விட்டு ஒரு நாளும் நடந்து நான் பார்த்ததில்லை. முதலாண்டுப் பெண். யாரும் அவளைக் கவனிப்பதில்லை, அவளும் யாரையும் கவனிப்பதில்லை. தலையைக் குனிந்துகொண்டு வந்து சேர்ந்துவிடுகிறாள்.

இந்த சீசனின் முதல் மீட், கிராஸ் கன்ட்ரி ஓட்டப் போட்டி, பதினாறாம் தேதி. எழுநூற்று எண்பது கிலோமீட்டர் தூரம். “சீசன் ஆரம்பத்துலயே வெளியூர்ல ஓடணும். அப்பதான் பயம் விட்டுப்போகும்” என்றார் கோச் சார். சரி, போவோம். வேனில் டிரைவர் போக ஒன்பது இடம். ஓடுகிற நாங்கள் ஏழு பேர், சார், ஹாஸ்டல் வார்டன் மேடம். கச்சிதம்.

நான் மூன்றாம் ஆண்டு, அணியின் கேப்டன். இந்தக் கல்லூரியின் பெண்கள் அணி இதுவரை ஒரு மீட்டிலும் அணியாகப் பட்டியலில் ஏறியதில்லை. ஐந்து பேர் கோட்டைத் தொட்டால்தான் அது அணி. அந்த ஐந்து இடங்களையும் கூட்டித்தான் வரிசை போடுவார்கள். நாலு பேர் எவ்வளவு பிரமாதமாக ஓடினாலும் கணக்கில்லை. ஒவ்வொரு தடவையும் யாராவது ஒருத்தி நடுவழியில் உட்கார்ந்துவிடுவாள். நான் இங்கிருந்து போவதற்குள் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அந்த முடிவுத் தாளில் எங்கள் கல்லூரிப் பெயரைப் பார்க்க வேண்டும்.

ஆகஸ்ட் 11, திங்கள்

மூக்குக்கு மேல் கோபம் வருகிறது.

மீட்டுக்குப் போகிறவர்கள் பட்டியலில் எறும்பு இல்லை. ‘மேலாளர்’ என்று ஹெட் கிளார்க் இருக்கிறார். அவருடைய மகள் அந்த ஊரில்தான் குடியிருக்கிறாளாம். போட்டிக்கு யாராவது ஆபீஸ் ஆள் மேலாளராகப் போவது இங்கே வழக்கம், யாருக்கு எந்த ஊரில் வேலை இருக்கிறதோ அவர்.

சாரிடம் போனேன்.

“கணக்குக்கு அஞ்சு பேர் போதும்ல? ஒண்ணு ஸ்பேர் இருக்கு. அப்புறம் என்ன?”

“யாராவது விழுந்தா, சார்?”

“வாயைக் கழுவு.”

“அவர் ஓடப்போறாரா சார்?” என்று கேட்டுவிட்டேன். என்னை வெளியே போகச் சொன்னார்.

எறும்பிடம் சொன்னபோது “பரவால்லக்கா” என்றாள். அதுதான் இன்னும் வயிற்றெரிச்சல். என் ஆறுதலுக்காவது அவர்களை ஒரு திட்டு திட்டியிருக்கலாம்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

லாட்ஜில் எழுதுகிறேன். கால் இரண்டும் வீங்கிப்போய் இருக்கிறது.

விடிவதற்கு முன்பே கிளம்பினோம். ஹெட் கிளார்க் முன் சீட்டைப் பின்னால் சாய்த்துக்கொண்டு நாள் முழுக்கத் தூங்கினார். மகளுக்கென்று ஒரு பெடஸ்டல் ஃபேன். அது எங்கள் கால் வைக்கிற இடத்தில் படுத்துக்கொண்டு வந்தது. நெட்டை பாவம், முழங்காலைத் தாடையில் வைத்துக்கொண்டு பதின்மூன்று மணி நேரம்!

இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை இறங்கி நடக்க வேண்டும் என்று சார்தான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். இன்று மொத்தமே இரண்டு தடவை. “லேட்டாகுது, லேட்டாகுது” என்று ஹெட் கிளார்க்கின் நச்சரிப்பு.

எதற்கு லேட்டாகிறது? ஊருக்குள் நுழைந்ததும் தெரிந்தது. “அஞ்சே நிமிஷம்மா, ஃபேனைக் குடுத்துட்டு வந்துடறேன்” என்று மகள் வீட்டுக்குப் போனார். ஒன்றேகால் மணி நேரம். நாங்கள் ஆறு பேரும் அந்தத் தெருவிலேயே மேலும் கீழும் ஓடினோம், கால் மரத்துப்போகாமல் இருக்க. “இதென்ன விளையாட்டு மைதானமா?” என்று வாட்ச்மேன் விரட்டினார். சார் வேனுக்குள்ளேயே உட்கார்ந்து போனை நோண்டிக்கொண்டிருந்தார்.

மைதானத்துக்குப் போனபோது இருட்டிவிட்டது. கேட் பூட்டியிருந்தது. முந்தின நாள் பாதையை ஒரு சுற்றாவது நடந்து பார்க்காமல் யாராவது கிராஸ் கன்ட்ரி ஓடுவார்களா? எங்கே மேடு, எங்கே பள்ளம், எங்கே மண் இளகும் — ஒன்றும் தெரியாது.

“எல்லாருக்கும் அதே தரைதான்” என்றார் சார். எல்லாருக்கும் அதே தரையா? மற்ற அணிகள் எல்லாம் மாலையே பார்த்துவிட்டன!

ஆகஸ்ட் 16, சனி

எப்படி எழுதுவது.

ஆறு கிலோமீட்டர். அணியில் ஓடும் என் ரூம்மேட்டுக்கு நேற்றிலிருந்தே குமட்டல். மூன்றாவது கிலோமீட்டரில் வாந்தியெடுத்து உட்கார்ந்துவிட்டாள். மீதி ஐந்து. நான் பதினேழாவது வந்தேன், என் வாழ்க்கையிலேயே நல்ல இடம். கோட்டில் நின்று எண்ணினேன். இரண்டு, மூன்று, நாலு. நெட்டையைக் காணோம்.

கடைசி வளைவுக்குப் பின்னால் ஒரு வாய்க்கால் பள்ளம் இருந்திருக்கிறது. அதில் கால் பிசகி விழுந்திருக்கிறாள், தாண்டி வந்த எங்கள் கண்ணில் படவில்லை. நொண்டிக்கொண்டே வந்தாள். கோட்டுக்கு இன்னும் நூறு மீட்டர் இருக்கும். முகமெல்லாம் கண்ணீர். நான் கயிற்றுக்குக் கீழே புகுந்து ஓடினேன். அவள் கையை என் தோளில் போட்டுக்கொண்டு இழுத்து வந்தேன். கோட்டைத் தாண்டினோம். ஐந்து பேர்! நான் கத்தினேன்.

நடுவர் சிவப்புத் தாளில் எழுதிக்கொண்டிருந்தார்.

ஓடுகிறவளை யாரும் தொடக் கூடாது. முதல் வருஷம் முதல் நாளே சொல்லிக்கொடுப்பது அது. நானே எறும்புக்குச் சொல்லியிருக்கிறேன். எனக்குத் தெரியும். தெரிந்தும்... நெட்டை தனியாகவே வந்து சேர்ந்திருப்பாள். இன்னும் இரண்டு நிமிடம் ஆகியிருக்கும், அவ்வளவுதான்.

நெட்டையை நீக்கிவிட்டார்கள். நாலு பேர். தாளில் எங்கள் பெயர் இல்லை.

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

ஆகஸ்ட் 18, திங்கள்

சார் பயண அறிக்கை எழுதிவிட்டார். ‘கேப்டன் விதிமீறியதால் அணி தகுதி இழந்தது.’ ஒரே வரி. கீழே என் கையெழுத்துக்கு இடம்.

பொய் இல்லை. அதுதான் எரிகிறது. ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை!

ஆனால் ஃபேன் எங்கே? ஒன்றேகால் மணி நேரம் எங்கே? எறும்பு உட்கார்ந்திருக்க வேண்டிய சீட் எங்கே? என் தப்பு என்று ஒன்று கிடைத்ததும் எல்லாருடைய தப்பையும் அதற்குள் திணித்து மூடிவிட்டார்கள். நானும் இரண்டு நாளாக அதையே செய்துகொண்டிருந்தேன், என்னையே திட்டிக்கொண்டு.

அவர் வரிக்குக் கீழே எழுதினேன்: ‘நெட்டையைத் தொட்டது என் தவறு. ஏழாவது வீராங்கனைக்குரிய இடத்தில் மேலாளர் வந்தார். அவர் சொந்த வேலைக்காக வேன் நின்றதால் பாதையைப் பார்க்க முடியவில்லை.’ நெட்டை என்பதை அடித்துவிட்டு அவளுடைய உண்மையான பெயரை எழுதினேன். பிறகு கையெழுத்து.

“இதைக் கிழிச்சுட்டு வேற எழுது” என்றார் சார்.

“முடியாது சார்.”

“அடுத்த மீட் வேணாமா உனக்கு?”

வேண்டும் என்றுதான் சொன்னேன். ஆனால் தாளைத் திரும்ப வாங்கவில்லை.

ஆகஸ்ட் 21, வியாழன்

அறிக்கை முதல்வர் மேடம் கைக்குப் போய்விட்டது, கூப்பிட்டார். “யார் எழுதச் சொன்னது?” “யாரும் சொல்லல மேடம்.” “உன் தப்பையும் எழுதியிருக்கியே?” “நடந்ததுதானே மேடம்.” போகச் சொல்லிவிட்டார்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

இரண்டாவது மீட்டுக்குப் பட்டியல் ஒட்டிவிட்டார்கள். இனிமேல் வார்டன் மேடமே மேலாளராம். தனியாக ஆபீஸ் ஆள் கிடையாது. வீராங்கனைகள் ஏழு பேர். எறும்பின் பெயர் இருக்கிறது.

என் பெயர் இல்லை. ‘தவறை ஒப்புக்கொண்டதால் ஒரு மீட்டுக்கு மட்டும் நீக்கம்.’ என் இடத்தில் தடை தாண்டும் ஹர்டில்ஸ் ஓடும் பெண். கேப்டன் நெட்டை.

ஹெட் கிளார்க்கிடம் ஒரு கேள்வி கேட்டார்களா? சாரிடம்? இன்று ஹெட் கிளார்க் என்னைப் பார்த்துச் சிரித்தார். ஒப்புக்கொண்டவளுக்குத்தான் தண்டனை என்றால் அடுத்து யார் ஒப்புக்கொள்வார்கள்?

செப்டம்பர் 12, வெள்ளி

வேன் காலையில் கிளம்பியது. நான் போய் வழியனுப்பவில்லை. அழுதேன். பிறகு பம்ப் ஹவுஸ் மேட்டில் பத்துத் தடவை.

செப்டம்பர் 13, சனி

பதினொரு மணிக்கு எறும்பு போன் பண்ணினாள். மூச்சு இன்னும் அடங்கவில்லை.

“அக்கா, ரெண்டு பேர் நடுவுல நின்னுட்டாங்க. நான்தான் நம்ம டீம்ல அஞ்சாவதா வந்தேன்.”

“யாரும் தொடலையே?”

“இல்லக்கா. பதினாறு டீம்ல பதிமூணாவது. தாள்ல போட்டிருக்காங்க. படம் எடுத்து அனுப்பவா?”

அனுப்பினாள். மங்கலாக இருந்தது. பெரிதாக்கிப் பார்த்தேன். எங்கள் பெயர், அதற்கு எதிரே ஐந்து எண்கள். அதில் ஒன்றும் என்னுடையது இல்லை.

மெஸ்ஸில் எல்லாருக்கும் காட்டினேன்.