நான்காம் நம்பர் கதவு

8-11-93, திங்கள்

விடிந்ததிலிருந்து தூறல். மோட்டார் காயில் கட்டும் என் கடைக்குள் ஒழுகல். மில் மோட்டார் இரண்டிலும் வார்னிஷ் காயவில்லை. மானேஜர் அதற்குள் ஆள் அனுப்பிவிட்டார். இந்த ஈரத்தில் எது காயும், என் தலையா?

மதியம் தங்கை ஜைனப், ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் வந்தாள். கையில் மாப்பிள்ளை காதரின் கடிதம். புதுக் கப்பலில் சேர்ந்துவிட்டாராம். கிரீஸ்காரர்களின் கப்பல், காரும் ஆளும் ஏற்றுவது. அவளே படித்துக் காட்டினாள். முகமெல்லாம் பெருமை.

"மச்சானுக்கு சலாம் சொல்லு. இது அவிய வேலை பாத்த அதே கப்பல்தான், பேரு மட்டும் வேற. பழைய ரிஜிஸ்டர்ல நாலாம் நம்பர் கதவுக்கு வால்வு மாத்துனதா அவிய கையெழுத்து இருக்கு. அதப் பாத்த பொறவு பயமில்லாம அந்த வழியாத்தான் போறேன், வாரேன்."

அவளுக்கு டீ வாங்கிக் கொடுத்தேன். என் கிளாஸை அப்படியே திருப்பிக் கொடுத்தேன்.

9-11, செவ்வாய்

புழுக்கம். ஒரு மோட்டார் டெலிவரி.

அந்தக் கப்பலின் ஜாதகம், எனக்குத் தெரிந்த மட்டும்:

– ஜப்பானில் கட்டியது. அங்கேயே உழைத்துத் தேய்ந்தது.

– கிரீஸ்காரர் வாங்கி, மேலே ஒரு தளம் கூட்டி, அறைகள், பார், கண்ணாடி. பார்க்கப் புதுப்பெண்.

– கீழே எஞ்சின் அதே. தண்ணீர் புகாமல் அடைக்கும் இரும்புக் கதவுகளும் அதே. பக்கவாட்டில் நகரும். அதில் நான்காவது, வால்வு கெட்டு, தானாகவே மூடிக்கொள்ளும்.

– 84இல் பிட்டராக நான். வால்வு மாற்றச் சொன்னார்கள். ஸ்பேர் இல்லை. பழையதையே கழுவி மாட்டினேன். "மாற்றியாச்சுன்னு எழுது, கப்பல் கிளம்பணும்" என்றார் செகண்ட் எஞ்சினியர். எழுதினேன்.

– இரண்டாம் நாள் கூமாப்பட்டி செல்லையா, ஆயில்மேன், அந்தக் கதவில் நசுங்கிச் செத்தார். கையில் எண்ணெய்க் கேன்.

எழுதிவிட்டேன். ஒன்பது வருஷத்தில் முதல் தடவை. கடை ஷட்டரை இறக்கும்போதெல்லாம் அதற்குக் கீழே அவர் நிற்கிறார். ஓரமாகப் போங்கள் என்று வாய்விட்டுச் சொல்லியும் இருக்கிறேன். எதிர்க்கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்க்கிறார்.

11-11, வியாழன்

நேற்று முழுக்க போன் பூத் வரை போவதும் திரும்புவதும். வெட்கங்கெட்ட பிழைப்பு.

இன்று ஜைனபை வரச்சொல்லி, அவள் எதிரிலேயே பேசினேன். கடிதத்தில் இருந்த கிரீஸ் ஏஜென்ட் ஆபீஸ் நம்பர்; கப்பல் அங்கே துறைமுகத்தில்தான். நான்காவது முயற்சியில் மாப்பிள்ளை லைனில்.

"மாப்ள, அந்த வால்வ நான் மாத்தல. கையெழுத்து பொய். அந்தக் கதவு வழியா போகாதிய. சீப் எஞ்சினியர்கிட்ட சொல்லுங்க, என் பேரச் சொல்லியே சொல்லுங்க."

இரைச்சல். பிறகு மெதுவாக, "செல்லையா அதுலதானா மச்சான்?"

"ஆமா, செல்லையா செத்தது அதுலதான்."

வைத்துவிட்டார். ஜைனப் கண்ணாடிக் கதவைப் பிடித்தபடி நின்றாள்.

"ஒம்பது வருசமா இத உள்ள வச்சிக்கிட்டா அண்ணே சோறு தின்னே? அந்தப் பொம்பளைக்குத் தெரியுமா?"

தெரியாது. செல்லையா குடித்திருந்தார் என்று கம்பெனி எழுதிய கடிதத்தை அவர் மனைவிக்குத் தமிழில் படித்துச் சொன்னவனே நான்தான். அவர் சாமான் பெட்டியை வீட்டில் சேர்க்கப் போனபோது.

14-11, ஞாயிறு. கூமாப்பட்டி

வெயில். பத்தரைக்கு வந்து சேர்ந்தேன். செல்லையாவின் மனைவி முத்துலட்சுமி களையெடுத்துத் திரும்பிய நேரம், காலில் சேறு. "வாங்க பாய்" என்று மோர் கொடுத்தார். சுவரில் செல்லையா படம். பொட்டு இல்லை, பூ இல்லை.

குடித்து முடிக்காமலே சொல்லிவிட்டேன். வால்வு, கையெழுத்து, கடிதம், எல்லாம். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் தேவலை.

"அவிய குடிக்க மாட்டாவன்னு எனக்குத் தெரியும் பாய். வேற யாரு படிச்சிருந்தாலும் நம்பிருக்க மாட்டேன். கூட வேலை பாத்த நீங்க படிச்சீங்க."

பிறகு, "ஒம்பது வருசமா அவியள ஏசிக்கிட்டே இருந்திருக்கேன். ஒரு திவசம் குடுக்கல."

எழுந்து கால் கழுவினார். முந்தானையால் படத்தைத் துடைத்தார்.

"செத்த நேரம் வெளிய இருங்க. அவியகிட்ட பேசணும்."

கதவைச் சாத்திக்கொண்டார். எதிரே வேப்பமரத்தடியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். மூன்று மணி பஸ் போய்விட்டது. உள்ளே இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்.