தாமதத்துக்கு வருந்துகிறோம்

மச்சான், இன்று காலை உன் பெயருக்கு ஒரு கூரியர் வந்தது. தடித்த வெள்ளை உறை, மேலே வெளிநாட்டுச் சட்டத்தரணிகளின் முத்திரை. கொண்டுவந்தவர் உன் பெயரை வாசித்து, "இவர் இருக்கிறாரோ?" என்று கேட்டார். "ஓம், இருக்கிறார்" என்று சொல்லிக் கையெழுத்து வைத்தேன். நீ போய் எட்டு மாதம்.

நம் சட்டப் பிரிவில் இப்போது நான் மட்டும்தான். உன் மேசையைக்கூட எடுத்துவிட்டார்கள். மத்தியானச் சோற்றுப் பார்சலில் அரைவாசியைப் பறிக்க ஆளில்லை. முழுவதையும் நானே தின்றுவிட்டு, பின்னேரம் ஒருத்தரோடும் கதைக்காமல் வெள்ளவத்தைக்கு பஸ் ஏறுகிறேன்.

கம்பனி கடன் வாங்க வெளிநாட்டாருக்கு விற்ற பிணைமுறிகளுக்கு வட்டி கட்ட முடியாமல் போன அந்த வாரம் நினைவிருக்கிறதா? அவர்களுடைய சட்டத்தரணிகளின் முதல் கடிதத்துக்குப் பதில் எழுதியவன் நான். கடிதத்தில் மரியாதை குறையக்கூடாது என்று வளர்ந்தவன். "தாமதத்துக்கு வருந்துகிறோம், விரைவில் செலுத்துவோம்" என்று தொடங்கினேன். 'உரிமைகளுக்குப் பாதிப்பின்றி' என்று தலைப்பில் போட மறந்துவிட்டேன். அந்த வரி இருந்தால் கடிதத்தை நமக்கு எதிராக வழக்கில் காட்டுவது கடினம். நம் பிரிவின் அரிச்சுவடி அது. நீ கொட்டாஞ்சேனைக் கோயில் திருநாளுக்குப் போகும் அவசரத்தில் வாசிக்காமலே கையெழுத்து வைத்தாய். "உன்ட இங்கிலீசை நான் திருத்தவோ மச்சான்?" என்று பகிடி வேறு.

வழக்கில் அவர்கள் வைத்த முதல் ஆவணமே அதுதான். கடனை நாமே ஒப்புக்கொண்டுவிட்டோமாம்.

எழுதியது யார் என்று பணிப்பாளர்கள் கூப்பிட்டுக் கேட்டபோது, கோப்பைப் பிடித்துக்கொண்டு நான் உன் பின்னால் நின்றேன். "கையெழுத்து என்ட. நான்தான் எழுதினனான்" என்றாய்.

வெளியே படிக்கட்டில் என் தோளைப் பிடித்தாய். "உனக்கு ரெண்டு பொம்பிளைப்பிள்ளையள். எனக்கு ஆர் இருக்கினம்? வாயை மூடிக்கொண்டு இரு." மூடிக்கொண்டேன். அந்த மாதமே உன்னை வேலையால் நிறுத்தினார்கள். பிறகு மூன்று தரம் உன் வீட்டுக்கு வந்தேன். பிளேன்டீ குடித்தோம், கிரிக்கெட் கதைத்தோம். அந்தக் கதையை மட்டும் நான் எடுக்கவில்லை. நாலாம் தரம் வந்தபோது நீ பெட்டியில் கிடந்தாய்.

உறையைப் பிரித்தேன். அந்தக் கடிதத்தை நீ ஒருவருக்கும் தெரியாமல் உன் இஷ்டத்துக்கு எழுதினாய் என்று கம்பனி இப்போது நீதிமன்றத்தில் சொல்கிறதாம். அது உண்மையா என்று மறுதரப்பு உன்னிடம் கேட்டிருக்கிறது. செத்தவன் தலையிலா மிளகாய் அரைப்பது என்று கோபம் வந்தது. முதலில் அரைத்தவன் நான்தான் என்பது பிறகுதான் உறைத்தது.

பதில் எழுதினேன். எழுதியது நான், அவர் கையெழுத்து மட்டும் வைத்தவர், அவர் இப்போது இல்லை. மூன்றே வரி. அனுப்புமுன் மனுசிக்குக் கோல் எடுத்து, வேலை போகும் என்றேன். "இப்பவாவது சொல்லுறீங்களே" என்றாள். அனுப்பிவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன்.

முகம் தெரியாத கடன் தந்தவர்களுக்கு ஒரு மணித்தியாலத்துக்குள் வருத்தம் எழுதியவன், உனக்கு ஒரு சொல் சொல்லவில்லை. இந்த மடலின் தலைப்பிலும் 'உரிமைகளுக்குப் பாதிப்பின்றி' இல்லை, மச்சான். இம்முறை மறக்கவில்லை, தெரிந்தே விட்டேன்.

தாமதத்துக்கு வருந்துகிறேன்.