டைட்டானியம் பாத்திரமும் என் வீட்டுச் சமையல்காரரும்

மார்ச் 3, செவ்வாய்

லேபில் நாளெல்லாம் தராசோடு மல்லுக்கட்டிவிட்டு வீட்டுக்கு வந்தால் இங்கேயும் தராசு. இவர் மலையேறும் பையை மாட்டிக்கொண்டு எடை மெஷினில் நிற்கிறார். இவர் முதுகுவலியைப் பார்த்த டாக்டரம்மா கறாராகச் சொல்லியிருக்கிறார்: பை ஏழு கிலோவைத் தாண்டினால் மலையை மறந்துவிடுங்கள். இப்போது பத்து. திறந்து பார்த்தால் இரும்பு வாணலி, அடி கனத்த குண்டான்!

"இது இல்லாம எப்படி சமைக்கிறது?" என்கிறார். காலேஜ் ஹாஸ்டலில் முந்நூறு பேருக்குச் சமைக்கிற மனுஷன். மகள் வேலை கிடைத்து வெளியூர் போய்விட்டாள். நாங்கள் இருவர் மட்டும் எங்காவது போவதென்று முடிவெடுத்ததே இப்போதுதான். நாலு நாள் நடை, கூடாரம். அதை ஒரு வாணலி கெடுப்பதா? விடமாட்டேன்.

மார்ச் 5

கனம் இருக்கக் கூடாது, அடிபடவும் கூடாது. அப்படியென்றால் டைட்டானியம்தான். லேபில் எல்லோரிடமும் இதே பேச்சு. "அக்கா, மலைக்குப் போறீங்களா, பாத்திரக்கடை வைக்கப் போறீங்களா?" என்கிறாள் பக்கத்து மேஜைக்காரி.

மார்ச் 7, சனி

முகாம் சாமான் கடை. விற்கிற பெண் ஒரு டைட்டானியம் பாத்திரத்தைக் கையில் கொடுத்தாள். கையில் எதுவும் இருப்பதாகவே தெரியவில்லை. வாங்கித் தொப்பென்று தரையில் போட்டாள். ஒரு நெளிவு இல்லை. துருப்பிடிக்காது, கைப்பிடி மடங்கும், கேஸ் டப்பா உள்ளேயே அடங்கும். எனக்கு வாயெல்லாம் பல். இவர் மட்டும் அடியை நகத்தால் சுண்டிப் பார்த்தார்.

"தகடு மாதிரி இருக்கே. அடிப்பிடிக்கும்."

அந்தப் பெண்ணும் மறைக்கவில்லை. "தண்ணி கொதிக்க வைக்க இதை அடிச்சுக்க ஆளில்ல சார். சமையல்னா கொஞ்சம் கஷ்டம்தான், சூடு ஒரே இடத்துல நிக்கும்." பூச்சு போட்ட அலுமினியமும் காட்டினாள். கனமும் கூடுதல், பூச்சு கீறினால் போச்சு. இந்த ஒரு மலையோடு நாங்கள் நிற்கப்போகிறோமா என்ன? டைட்டானியத்தையே வாங்கினேன்.

மார்ச் 8, ஞாயிறு

பெரிய சண்டை.

காலையில் எழுந்தால் வீடெல்லாம் தீய்ந்த நாற்றம். புதுப் பாத்திரத்தை எண்ணெய் தடவிக் காய்ச்சிப் பழக்க வேண்டுமாம். இரும்புக்குச் செய்வதை இதற்கும் செய்திருக்கிறார், அதுவும் வீட்டின் பெரிய அடுப்பில்! அடி முழுக்க நீலமும் ஊதாவும். அதிலேயே சோறு வேறு வைத்து, எல்லாம் கரி. 'நான்தான் சொன்னேனே' என்று ஒரு முகம். கடைக்குப் போன் போட்டேன். "கலர்தான் மாறும் மேடம், பாத்திரத்துக்கு ஒண்ணும் ஆகாது" என்று அந்தப் பெண் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"நீயே போயிட்டு வா. தண்ணி கொதிக்க வைக்க நான் எதுக்கு?"

"பாக்கெட்டைப் பிரிச்சு சுடுதண்ணி ஊத்திச் சாப்பிட்டா செத்தா போயிடுவோம்? எனக்குச் சோறு வேணாங்க. நீங்க வரணும்!"

பாத்திரத்தில் ஒட்டிய கரியைச் சுரண்ட ஆரம்பித்தார். அப்புறம் மெதுவாக, "சமைக்கலைன்னா நான் அங்க என்ன பண்ணுவேன்? சும்மா உக்காந்து எனக்குப் பழக்கமே இல்லையே" என்றார்.

அடக் கடவுளே. இந்த மனுஷனுக்குப் பயம்! இத்தனை நாளாக வாணலியோடு அல்லவா நான் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன்?

மார்ச் 9

நானும் பேசவில்லை, அவரும் பேசவில்லை. சாப்பாடு மட்டும் பிரமாதம்.

மார்ச் 14, சனி

பால்கனியில் சின்ன கேஸ் அடுப்பைப் பற்றவைத்து உட்கார்ந்திருந்தார். கேட்டால், "சும்மா பாக்கறேன்." ஹாஸ்டலில் அண்டாவை இறக்கிச் சாக்கைச் சுற்றிவைத்தால் மிச்ச வேக்காடு தானாக ஆகுமாம். அதை இந்தக் குட்டிப் பாத்திரத்தில் செய்து பார்த்திருக்கிறார். ஊறவைத்த அரிசியும் பருப்பும் ஒரு கொதி வந்ததும் அடுப்பை அணைத்துத் துணியில் சுற்றிவிட வேண்டியதுதான். அடிப்பிடிக்க நேரமே இல்லை. சோறு பூப்போல வெந்திருந்தது!

அப்புறம்தான் அந்தத் துணியைப் பார்த்தேன். என் சாம்பல் நிற ஸ்வெட்டர். கையிரண்டையும் வெட்டியிருக்கிறார்.

"பழசுதானே?"

பழசாம்! போன மாதம் வாங்கியது. கத்தினேன். கத்திக்கொண்டே இரண்டாம் தடவையும் போட்டுச் சாப்பிட்டேன். பை ஏழு கிலோவுக்குக் கொஞ்சம் கீழே நிற்கிறது. வாணலியை அவரே எடுத்து அலமாரிக்குள் வைத்தார்.

மார்ச் 21, மலையில்

குளிரில் விரல் விறைக்கிறது, எழுத்தெல்லாம் கோணல். கால் கெஞ்சுகிறது. ஆனாலும் எழுதாமல் தூங்க மனசில்லை.

சாயங்காலம் கொதி வந்ததும் அடுப்பை அணைத்துப் பாத்திரத்தை ஸ்வெட்டரில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டார். "இனி எனக்கு வேலை இல்ல" என்று சங்கடமாகச் சிரித்தார். கை சும்மா இருக்கவில்லை. அடுப்பைத் துடைத்தார், ஸ்பூனைத் துடைத்தார். துடைக்க வேறொன்றும் இல்லாமல் போகவே என் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார். எதிர் மலையில் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது.

"லேப்ல நாள் முழுக்க நீ என்னதான் பண்ணுவ?" என்று கேட்டார்.

கல்யாணமான இத்தனை வருஷத்தில் இதை அவர் கேட்டதே இல்லை. ஆரம்பித்தேன். பசி வேறு வயிற்றைக் கிள்ளியது.

"வெந்திருக்கும், திறங்க."

மடியில் இருந்ததை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"இருக்கட்டும். நீ சொல்லு."