கத்தத்துக்கு ஒரு பிறை

கல்முனை
12.02.1979

அன்புள்ள குணம்,

சுபஹு தொழுதுவிட்டு இன்று முதல் வேலையாக, நீ வரைந்து அனுப்பிய கச்சிமுகம்மதின் வம்சாவழியைத் திருத்தினேன். உச்சியில் இருந்த தகப்பன் இப்றாஹிமை ஓரத்துக்குத் தள்ளிவிட்டுத் தாயை மேலே எழுதினேன். நம் கரையிலேயே, திருக்கோவில் ஊரில் பிறந்தவளுக்கு இதை நான் சொல்ல வேண்டுமா? கொழும்புக் கந்தோரில் இருந்து நீயும் தகப்பன் வழியே தேடப் பழகிவிட்டாய். உலகப் போருக்குப் போய்த் திரும்பாதவர்களின் உறவினரைத் தேடும் உங்கள் சங்கத்தின் கடிதங்களெல்லாம் சாய்ந்தமருதில் யாருமில்லாத ஒரு வளவுக்குத்தான் போயிருக்கின்றன. எங்கள் கரையில் கலியாணம் முடித்த ஆண் பெண் வீட்டுக்குப் போய்விடுவான். அவனுடைய சொந்தம் தாய்வழியாக வரும் குடியோடு நிற்கும்.

முந்தாநாள் தாயின் குடியைச் சொன்னதும், பள்ளிவாசலில் அந்தக் குடிக்குத் தலைவராக, மரைக்காராக இருக்கும் சீனித்தம்பிக்கு முகம் மலர்ந்தது. "கச்சிமுகம்மதா? பட்டாளத்துக்கு லொறி ஓட்டப் போன நம்மட பொடியன்! தாயும் இல்ல, கூடப்பிறந்ததும் இல்ல. பொஞ்சாதி மாவடிப்பள்ளியில இரிக்கா."

நேற்றுப் போனேன். பெயர் முனவ்வறா. அறுபதை நெருங்குகிறா. காணவில்லை என்ற அறிவித்தல் 1942இல் சாய்ந்தமருதுக்கு வந்தபோது தகப்பன் படுக்கையில் கிடந்தாராம். மகனுக்குத் தொழாமல் கண்மூடக் கூடாதென்று உடல் இல்லாமலே தொழும் மறைவான ஜனாஸாத் தொழுகையை நடத்திவிட்டார். தொழுகை நடந்தால் ஆள் மௌத்தாகிவிட்டார் என்றுதானே ஊர் எடுத்துக்கொள்ளும்? முனவ்வறா விதவைக்குரிய நாலு மாதமும் பத்து நாளும் இத்தா இருந்து, அடுத்த வருடம் மீராமுகைதீனுக்கு வாழ்க்கைப்பட்டா. மூன்று பெண்மக்கள்.

மீராமுகைதீன் பொல்லாத வாய்க்காரர். "டீச்சர், இவ மௌத்தான அந்த மனிசனுக்கு வருசா வருசம் கத்தம் ஓதிச் சாப்பாடு குடுக்கிற நாளையிலதான் வீட்டுல இறைச்சி காய்ச்சுவா. அவர்ட புண்ணியத்துல நானும் தின்றன்."

"தின்ற வாய் சும்மா இரிக்குதா பாருங்க," என்றா முனவ்வறா.

உனக்கு ஏதும் தெரிந்தால் எழுது. சளி குறைந்ததா?

உன்
ஹாஜறா

கொழும்பு
03.03.1979

அன்பின் ஹாஜறா,

நீ கெட்டிக்காரிதான், ஒப்புக்கொள்கிறேன். இங்கும் நல்ல செய்தி. கச்சிமுகம்மது காணாமற்போன பாலைவனச் சண்டையில் சாகவில்லை. பிடிபட்டு ஜெர்மனியில் ஒரு சிறைமுகாமுக்குப் போயிருக்கிறார். அங்கே தகப்பன் பெயரையே அவருடைய பெயராக எழுதிவிட்டார்கள். அதனால்தான் இத்தனை காலமும் இரண்டு பதிவுகளையும் யாரும் பொருத்திப் பார்க்கவில்லை. நோய்வாய்ப்பட்டு 1944 ஏப்ரல் எட்டாம் திகதி இறந்திருக்கிறார். பெயரில்லாமல் கிடந்த கபுறுக்கு இனிப் பெயர் பொறித்துக் கல் வைக்கலாம்.

அந்தம்மாவின் விலாசத்தை உடனே அனுப்பு. அறிவித்தலை என் கையாலேயே தட்டச்சு செய்ய ஆசை.

சளி பரவாயில்லை.

குணம்

கல்முனை
11.03.1979

அன்புள்ள குணம்,

உன் கடிதத்தில் ஆண்டை மறுபடியும் மறுபடியும் பார்த்தேன். முனவ்வறா இரண்டாவது நிக்காஹ் முடித்தது 1943இல். அன்றைக்கு அந்த மனிதர் உயிரோடு இருந்திருக்கிறார். காதி நீதிபதி முன்னால் போய்ப் பிரிவினை வாங்கவுமில்லை. மௌத்தென்று நம்பியவர்களுக்கு அது எதற்கு? ஆனால் முதல் நிக்காஹ் முறியாமல் இரண்டாவது செல்லாதே. தெரியாமல் நடந்ததற்குப் பிள்ளைகள்மேல் குற்றமில்லை என்று மார்க்கக் கிதாபு சொல்லும். ஊர்வாய் கிதாபைப் பார்த்தா கதைக்கும்? மூத்த மகளின் மகள் அஸீஸாவுக்கு நோன்பு கழியக் கலியாணம். தாய்வழியைத் துருவிப் பார்த்துத்தான் எங்கள் பக்கம் சம்பந்தம் வைப்பார்கள்.

உன் கடிதம் வருமுன்பே முனவ்வறா இங்கே வந்திருந்தா. முருங்கைக்காய்க் கட்டோடு வந்து, உட்காராமலே கேட்டா:

"டீச்சர், நாங்க ஜனாஸா தொழுத நாளையிலதான் கத்தம் ஓதிட்டு வாறம். அது தொழுத நாள்தானே, மௌத்தான நாளில்லயே? சரியான நாள் எங்கயும் எழுதி இரிந்தா கேட்டுச் செல்லுங்க. மறுமையில அவர்ட முகத்துல நான் முழிக்கணும்."

கேட்டு எழுதுவதாகச் சொன்னேன். என்ன செய்வேன், குணம்?

ஹாஜறா

கொழும்பு
19.03.1979

அன்பின் ஹாஜறா,

எனக்கும் நித்திரை இல்லை. ஆனாலும் அறிவித்தலில் ஆண்டை விட முடியாது. வீட்டுக்காரரோ மகளோ பிரித்து வாசிக்கக்கூடும், தெரியும். ஆனால் அது அந்த மனுசியின் செய்தி. அவருடைய புருசன் எப்போது செத்தான் என்பதை இரண்டு படித்த பெண்கள் தங்களுக்குள் வைத்துக்கொள்வது எனக்கு வெட்கமாக இருக்கிறது. விலாசத்தை அனுப்பு. இனியும் கேட்க வைக்காதே.

குணம்

கல்முனை
27.03.1979

அன்புள்ள குணம்,

வெட்கம் எனக்கும் இருக்கிறது. நீ சொன்னது சரியென்றும் தெரிகிறது. இருந்தாலும் விலாசத்தை அனுப்பமாட்டேன். மனைவி இருக்கிறா, விலாசம் தர நான் மறுக்கிறேன் என்று உங்கள் சங்கக் கோப்பில் என் பெயரைப் போட்டே எழுதிக்கொள். இதற்குப் பிறகு நீ கடிதம் எழுதாவிட்டால் கோபிக்கமாட்டேன், கவலைப்படுவேன்.

இங்கிலீஷ் திகதியைப் பிறைக் கணக்குக்கு மாற்ற ஆண்டையும் சொல்ல வேண்டிவரும் என்பதால் பள்ளிவாசல் லெப்பையிடம் போகாமல் நானே கணக்குப் பார்த்தேன். முகைதீன் ஆண்டவர் மாதம், பிறை பதினான்கு. கத்தத்துக்கு அது போதும். அதில் யாரும் ஆண்டைச் சொல்லி ஓதுவதில்லை.

இங்கே இதை யாருக்கும் நான் சொல்லவில்லை. நாளைக்கு மாவடிப்பள்ளிக்குப் போகிறேன். பிறையைச் சொல்லுவேன். எந்த வருடமென்று முனவ்வறா கேட்டால் பொய் சொல்லமாட்டேன். கேட்கக்கூடாதென்று துஆச் செய்துகொண்டு போவேன்.

உன் ஹாஜறா