நெருப்பில் காட்டிய ஆறு அம்புகள்

மச்சான்,

உன்னுடைய அம்பிலிருந்து தெறித்த சிம்பு ஒன்று என் வலது உள்ளங்கையில் ஏறி இன்றோடு மூன்று நாள். கண்ணுக்குத் தெரியவில்லை. தேத்தண்ணிக் கோப்பையைப் பிடித்தால் சுருக்கென்கிறது. மனைவி ஊசியோடு பின்னால் திரிகிறாள். மொன்றியலின் பார்க் எக்ஸ்டென்ஷனில் உள்ள அத்தனை பேரின் மூக்குக் கண்ணாடியையும் வாங்கிப் போட்டுப் பார்த்தாயிற்று. குத்தும் ஒவ்வொரு தரமும் உன்னைத் திட்டுகிறேன். ஆறு மாதமாய் மண்ணுக்குள் கிடக்கிறவனைத் திட்டக்கூடாது என்பார் பங்குச் சுவாமி. அவருக்கும் சேர்த்துத் திட்டு விழுகிறது.

முதலில் ஒன்று. அந்த அம்புகள் இன்ன சாமான் என்று கண்டுபிடித்தவன் நான். பன்னிரண்டு வருடத்துக்கு முன், இல்-பிசாரில் உன் தெருமுனை வீட்டுக் கிழவன் வாசலில் பழைய சாமான் பரப்பி விற்றபோது, தோல் கூட்டில் பன்னிரண்டு அம்புகளும் ஒரு மரவில்லும் கிடந்தன. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டு ஓடிவிட்டது என்றாலும் எனக்குக் காது இருக்கிறது. நகத்தால் தட்டினேன். அலுமினியம் என்றால் கிணுகிணுக்கும். மரம் என்றால் மொத்தென்று கேட்கும். இது காய்ந்த எலும்பு மாதிரி டக்கென்றது. உள்ளே குழல். "ஃபைபர்கிளாஸ்" என்றேன், கிழவனே வாய் பிளந்து நிற்க.

நீ சிரித்தாய். "டேய், கூட்டில ஒட்டியிருக்கிற கடதாசித் துண்டை வாசிச்சுப்போட்டுத்தானே தட்டினனீ?"

ஓம், வாசித்தேன். தட்டியும் பார்த்தேன். இரண்டும் உண்மை.

அதற்குப் பிறகு நீதான் அதில் ஊறினாய், அதையும் நான் மறைக்கவில்லை. இறகுக்குப் பக்கத்தில் மங்கிப்போன இலக்கத்தை உருப்பெருக்கி வைத்து வாசித்தாய். வில்லின் இழுவைக்கு அந்த எண் பொருந்தவேண்டும் என்றாய். பஞ்சை எடுத்து அம்பின் உடம்பு முழுக்க ஓட்டுவாய். பஞ்சு எங்கே சிக்குகிறதோ அங்கே வெடிப்பு. பிறகு காதருகே பிடித்து மெல்ல வளைப்பாய். "சத்தம் கேட்டா எறி, யோசியாதை" என்பாய். அம்பு வெடித்தால் கண்ணாடி நார் கையைக் கிழித்துவிடும் என்று எனக்குச் சொன்னவனும் நீதான். அதனால்தான் எனக்கு இத்தனை கோபம்.

வேட்டைக்குப் போகுமுன் வைக்கோல் கட்டில் எய்து பழகவேண்டும், அதற்கு முனை மாற்றவேண்டும் என்று ஆறு அம்புகளை என்னிடம் தந்தாய். பழைய முனைகள் பசையில் இறுகியிருந்தன. "கொதிதண்ணியில மட்டும் வை. நெருப்பில காட்டாதை, நார் செத்துப்போம்" என்றாய். இரண்டு தரம் சொன்னாய். நான் மன்னாரான். மீன் குத்தும் ஈட்டியை அடுப்பில் காட்டி முனை இறுக்கும் குடும்பத்தில் பிறந்தவன். எனக்கு நீ பாடம் எடுப்பதா? தேத்தண்ணி கொதிக்கிற அதே அடுப்பில், கேத்தலைத் தள்ளி வைத்துவிட்டு, ஆறையும் காட்டினேன். இரண்டே நிமிடத்தில் முனைகள் கழன்றன. அன்று காலை என்னைப்போல் கெட்டிக்காரன் மொன்றியல் தீவிலேயே இல்லை.

படகில் லவாலுக்குக் கடந்து அந்தப் பண்ணைக்குப் போனோம். முதல் அம்பை நாணில் வைத்து நீ விட்டாய். கொள்ளி வெடித்த மாதிரி ஒரு சத்தம். வைக்கோலுக்கு ஒன்றும் போய்ச் சேரவில்லை. அரைவாசி அம்பு உன் இடக்கைக்குள் நின்றது.

அடுத்த ஞாயிறு பங்குக் கோவில் வாசலில் நான்தான் கதை சொன்னேன். வைக்கோல் கட்டு பன்னிரண்டு கிளைக் கொம்புள்ள மானாகிவிட்டது. "அளவுக்கு மிஞ்சி இழுக்காதை எண்டு சொன்னனான், இவன் கேக்கேல்லை" என்று எல்லோருக்கும் முன்னால் கைவீசிச் சொன்னேன். நீ கட்டுப்போட்ட கையோடு பக்கத்தில் நின்று, "ஓம், ஓம், என்ர பிழைதான்" என்று தலையாட்டினாய். அந்தக் கையின் இரண்டு விரல்கள் அதற்குப் பிறகு மடங்கவில்லை. பாடகர் குழுவில் உன் கிற்றார் வாசிப்பு நின்றது. உனக்கு ஒன்றும் தெரியாது என்று பன்னிரண்டு வருடம் நிம்மதியாய் நித்திரை கொண்டேன்.

மூன்று நாளுக்கு முன் உன் மகள் கூப்பிட்டாள். இரண்டு பஸ் மாறி, மூன்றாவதற்கு ஒரு யுகம் நின்று, உன் வீட்டுக்கு வந்தேன். கராஜில் அந்தத் தோல் கூட்டை எடுத்து வைத்தாள்.

"மாமா, ஒக்டோபரில அப்பாவின்ர வில்லோட வேட்டைக்குப் போறன். பெர்மி, அனுமதிச் சீட்டு எல்லாம் எடுத்திட்டன். இதுகள் எய்யலாமோ எண்டு பாத்துச் சொல்லுங்கோ. உங்களைவிட ஆருக்குத் தெரியும்?"

ஆறு அம்புகள் தனியாக இருந்தன. மற்ற ஐந்தும் ஒரே கட்டு. நாண் கொளுவும் வால்முனையை ஐந்திலும் ஈர்வாளால் அறுத்துவிட்டிருந்தாய். மேலே வெள்ளைப் பிளாஸ்டர் சுற்றி உன் கோணல் எழுத்து. பிள்ளைக்குத் தமிழ் கதைக்கத்தான் தெரியும், வாசிக்கத் தெரியாது.

"இதில என்ன எழுதியிருக்கிறார், மாமா?"

மனதுக்குள் வாசித்தேன்: 'நெருப்பில் காட்டினது. எய்யாதே. பிழை என்னுடையது.'

அப்போதுதான் வந்தது கோபம். உனக்குத் தெரிந்திருக்கிறது! முனைக்குக் கீழே கருகின வளையத்தை நீ பார்த்திருக்கிறாய். பார்த்துவிட்டு, என்னோடு பன்னிரண்டு நத்தார்ப் பண்டிகைக்குக் கேக் தின்றிருக்கிறாய். ஒரு தரம் என் சட்டையைப் பிடித்து உலுக்கியிருந்தால் என்ன? நானும் திருப்பிக் கத்தியிருப்பேன், முடிந்திருக்கும். செத்த பிறகும் எனக்காகப் பொய் எழுதி வைக்க உனக்கு யார் உரிமை தந்தது?

'பழுது, எய்யாதே' என்று மட்டும் வாசித்துவிட்டு நான் பஸ் ஏறியிருக்கலாம். வாய் அதற்குத்தான் திறந்தது.

"அப்பா பொய் எழுதியிருக்கிறார், பிள்ளை. தன்ர பிழை எண்டு. நெருப்பில காட்டினது நான்."

"அப்ப அவற்ர கை?"

"அதுவும் நான்தான்."

நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். உன் மூக்கு, உன் முறைப்பு. பிறகு சுவர்த் தட்டில் இருந்த பஞ்சுப் பொட்டலத்தை எடுத்து என் மடியில் போட்டாள்.

"மற்ற ஆறையும் பாத்துத் தாங்கோ. கதை விடாமல் பாருங்கோ."

பார்த்தேன் மச்சான். தட்டி, ஓட்டி, வளைத்து, காதில் வைத்து, என் வாழ்க்கையில் எதையும் அப்படிப் பார்த்ததில்லை. கப்பி வைத்த புது வில்லில் இவற்றை வைக்காதே, அப்பாவின் மரவில்லுக்கு மட்டும்தான் என்றேன். ஐந்து தேறின. ஆறாவதில், இறகுக்குக் கீழே, பஞ்சில் ஒரு நூல் சிக்கியது. "சின்னதுதானே" என்றாள். முழங்காலில் வைத்து முறித்தேன். அப்போது ஏறினதுதான் இந்தச் சிம்பு.

வருகிற ஞாயிறு கோவில் வாசலில் மான் கதை கேட்பார்கள். சொல்வேன். மானை என்னால் திரும்ப வைக்கோலாக்க முடியாது, கொம்பு இப்போது பதினாறு கிளை. ஆனால் உன் கையின் கதையை மட்டும் நடந்தபடி சொல்வேன், அடுப்பு, கேத்தல் எல்லாம் சேர்த்து. யாராவது நம்பாவிட்டால் என் உள்ளங்கையைத் தொட்டுப் பார்க்கட்டும். ஊசியைத் திரும்பப் பெட்டிக்குள் போடு, சிம்பு இருக்கட்டும் என்று மனைவியிடம் சொல்லிவிட்டேன்.