நீராவி ஜீப்பும் கப்பல் சங்கும்

1973 டிசம்பர் 3

இன்றும் பெட்ரோல் இல்லை. போர்ட் பிளேர் பங்க்கில் குழாயின் மேல் கோணிச்சாக்கைப் போர்த்திக் கட்டிவிட்டான். கேட்டால் "ஜஹாஜ் ஆனே தோ" என்கிறான். கப்பல் வரட்டுமாம். வெங்காயத்துக்கும் அதே பதில், தபாலுக்கும் அதே பதில். எங்கள் சௌல்தாரி கிராமத்தில் ஜீப் வைத்திருப்பவன் நான் ஒருவன்தான். அதில் இப்போது கோழி அடைகிறது.

மங்கைக்கு நாள் நெருங்குகிறது. தலைப்பிரசவத்துக்கு மெயின்லேண்ட் போக டிக்கெட் கிடைக்கவில்லை. அவள் அம்மா இங்கே வரக் கிளம்பினார். அவரும் சென்னையில் கப்பலுக்குக் காத்துக் கிடக்கிறார். ஆஸ்பத்திரி போர்ட் பிளேரில். பஸ்ஸும் நின்று போச்சு.

"ஜீப்புக்காரன் பொண்டாட்டின்னுதான் பேரு. வலி வந்தா மாட்டு வண்டியிலயா போறது?" என்றாள்.

நீராவியில் ஓட்டுகிறேன் பார் என்றேன். இங்கே பெட்ரோல்தான் இல்லை, விறகுக்கும் தண்ணீருக்குமா பஞ்சம்? ஸ்டீம் லாஞ்ச் படகில் வருஷக்கணக்காக எஞ்சின் பார்த்தவன் நான். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரிக்கட்டும்.

டிசம்பர் 6

மர லாரியில் தொற்றிக்கொண்டு போர்ட் பிளேரில் ஹேடோ பக்கம் போனேன். பழைய இரும்பு விற்கும் அப்துல் வாஹித் பாய், உடைத்துப் போட்ட லாஞ்சின் சின்ன பாய்லரைக் காட்டினார். இடுப்பளவு உயரம், செம்புக் குழாய்கள் நன்றாகவே இருந்தன. அதன் சங்கையும் சேர்த்துக் கொடுத்தார்.

"எடுத்துட்டுப் போங்கண்ணே. வெடிச்சா மட்டும் வாஹித் கடையில வாங்கினதுன்னு சொல்லாதீங்க."

நல்ல வார்த்தை சொல்ல இந்தத் தீவில் ஒருத்தன் இல்லை.

டிசம்பர் 12

பெட்ரோல் எஞ்சினில் பிஸ்டன் இரண்டு தடவை இறங்கினால் ஒரு தடவைதான் வேலை செய்யும். நீராவிக்கு ஒவ்வொரு இறக்கமும் வேலை. அதனால் வால்வைத் தூக்கிவிடும் தண்டில் இன்னொரு மேடு வைத்து, வெல்டு பண்ணி, அரத்தால் ராவி ராவிக் கை வீங்கிவிட்டது. ஸ்பார்க் பிளக் இருந்த ஓட்டை வழியாக நீராவி உள்ளே போகும். காகிதத்தில் எல்லாம் சரியாக வருகிறது.

பக்கத்து வீட்டு அன்னம்மாள் அக்கா ஆறு பெற்றவள். வேலியோரம் நின்று, "பிள்ளைக்கு முன்னாடி இது பொறந்துருமா தம்பி?" என்று தினமும் கேட்கிறாள்.

டிசம்பர் 15

பாய்லர் சோதனை. நெருப்பு வைத்துப் பார்ப்பவன் முட்டாள். பச்சைத் தண்ணீரை விளிம்பு வரை நிரப்பி, கைப்பம்பால் அழுத்தினேன், ஓட்டும்போது வரும் அழுத்தத்தைப் போல இரண்டு மடங்கு. விட்டுப்போனாலும் தண்ணீர்தான் பீச்சும், ஆள் சாகமாட்டான். ஒரு மூட்டில் கசிந்து என் சட்டை நனைந்தது. அடைத்துவிட்டுத் திரும்ப அழுத்தினேன். நின்றது. எனக்குக் கொஞ்சம் கண் கலங்கியது. எழுதி வைப்பானேன்? சரி, கலங்கியது.

டிசம்பர் 18

ஓடியது!! கோழிகள் இன்னும் திரும்பி வரவில்லை.

டிசம்பர் 19

எஞ்சின் எண்ணெயில் தண்ணீர் கலந்து மோராகிவிட்டது. தினமும் வடித்து மாற்ற வேண்டும். அன்னம்மாள் அக்கா கறிவேப்பிலை கொண்டுவரட்டுமா என்கிறாள்.

டிசம்பர் 21

சேஃப்டி வால்வு ஒன்று போதாது என்று இரண்டு வைத்தேன். அழுத்தம் அளவைத் தாண்டினால் முதல் வால்வு லாஞ்சின் சங்கு வழியாகத் திறக்கும். ஊதுவது எனக்கு எச்சரிக்கை. அதையும் மீறினால் இரண்டாவது நேராக வானத்தைப் பார்க்கத் திறக்கும்.

இவ்வளவும் விளக்கிச் சொன்ன பிறகும் மங்கை ஏறமாட்டேன் என்றாள். "எனக்குச் சங்கு ஊதத்தான் சங்கு வச்சிருக்கீங்களா? முழு ஸ்டீம் ஏத்திட்டு, அதுல சாஞ்சு உக்காந்து ஒரு டீ குடிச்சுக் காட்டுங்க. அப்புறம் ஏறுறேன்."

குடித்தேன். அழுத்தம் காட்டும் முள் ஏற ஏற டீயின் ருசியே தெரியவில்லை. சங்கு ஊதியது, அழுத்தம் இறங்கியது, நான் முழுசாக இருந்தேன். முதுகுச் சட்டைதான் கருகிவிட்டது. "சரி" என்றாள். இவளைவிட எந்த இன்ஸ்பெக்டர் தேவலை.

டிசம்பர் 29

நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

விடியும்போது வலி. அடுப்பு மூட்டினேன். நீராவி ஏறவே முக்கால் மணி நேரம் ஆகும் என்பது என் காகிதக் கணக்கில் எங்கே இருந்தது? "நீங்க நிதானமா ஊதுங்க, பிள்ளைகிட்ட நான் சொல்லி வைக்கிறேன்" என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு. அவளை முன்னால் உட்கார வைத்தேன். அன்னம்மாள் அக்கா பின்னால் பாய்லர் பக்கத்தில் உட்கார்ந்து விறகு போட்டாள்.

வண்டி ஓடியது. நான் தூக்கிச் சுமந்த வண்டி, என்னைச் சுமந்து ஓடியது. போர்ட் பிளேருக்குள் நுழைந்து லம்பா லைன் குடியிருப்பு வந்தபோது அக்கா அவசரத்தில் அடுப்பு கொள்ளாமல் விறகைத் திணித்துவிட்டாள். வால்வு திறந்து சங்கு ஊதியது. ஊதிக்கொண்டே இருந்தது.

வெங்காயம் கண்ணில் படாத ஊர் அது. கப்பல் சங்கு கேட்டால் யார் வீட்டில் இருப்பார்கள்? "ஜஹாஜ் ஆயா", கப்பல் வந்தாச்சு என்று கத்திக்கொண்டு பையும் கூடையுமாகத் தமிழன், பெங்காலி, மலையாளி எல்லோரும் ரோட்டுக்கு வந்துவிட்டார்கள். இந்த வண்டி கப்பல் துறைக்குத்தான் போகிறது என்று நாலைந்து பேர் அதிலேயே தொற்றிக்கொண்டார்கள். இறங்கச் சொல்லி நான் கத்தியது சங்குச் சத்தத்தில் யார் காதிலும் விழவில்லை.

ஆஸ்பத்திரி மேடு. இருந்த நீராவியை எல்லாம் சங்கே தின்றுவிட்டது. பாதி மேட்டில் வண்டி நின்றது. மங்கை என் கையைப் பிடித்தாள், எலும்பு நொறுங்குகிற பிடி. ஐயோ, என்ன பண்ணி வச்சிருக்கேன்!

"ஜஹாஜ் கிதர்?" என்று கேட்டான் கூடை வைத்திருந்தவன். கப்பல் எங்கே என்கிறான்.

அன்னம்மாள் அக்கா எழுந்து நின்றாள். "சரக்கு இந்த வண்டியிலதான் வருது. தக்கா மாரோ, தள்ளுங்க."

முன் ஸீட்டில் மங்கையை எட்டிப் பார்த்தார்கள். புரிந்தது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "ஜோர் லகாகே" என்று பாட்டுப் போட்டுத் தள்ளினார்கள். ஆஸ்பத்திரி வாசல் வரை தள்ளினார்கள்.

பெண் குழந்தை. தாயும் சேயும் சுகம்.

டிசம்பர் 30

வார்டு வாசலில் கூட்டம். தள்ளியவர்கள் எல்லோரும் பிள்ளை பார்க்க வந்தார்கள், நேற்றைய காலிப் பையோடு. கப்பல் துறை வரை ஓடி ஏமாந்த மற்றவர்கள் திட்டியதை எழுதினால் பேனா கருகும்.

1974 ஜனவரி 2

வாஹித் பாய் கடை வாசலில் ஜீப்பை நிறுத்தி, பாய்லரில் வெந்நீர் போட்டுப் பிள்ளைக் குளியலுக்கு ஆஸ்பத்திரிக்கு வாளியில் கொண்டுபோகிறேன். இன்று மத்தியானம் பாயும் நானும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சங்கு ஊதியது.

"அண்ணே, உங்க வால்வு."

ஓடிப் போய்ப் பார்த்தேன். அடுப்பு ஆறிக் கிடந்தது. தொட்டால் பாய்லர் சில்லென்று இருந்தது. சங்கு மறுபடி ஊதியது.

ஹேடோவில் ஒருத்தரும் வீட்டைவிட்டு வரவில்லை. "அந்த நீராவி ஜீப்புதான்" என்று யாரோ உள்ளேயிருந்து சொல்வது கேட்டது. கப்பல் துறைக்கு ஓடினேன். வெங்காய மூட்டை, பெட்ரோல் பீப்பாய், எல்லாம் இறங்கிக்கொண்டிருந்தது. வரவேற்க ஆளே இல்லாத கரையில் என் மாமியார் டிரங்குப் பெட்டி மேல் உட்கார்ந்திருந்தார்.

"என்ன மாப்ள, ஊர்ல யாரும் உயிரோட இல்லையா?"

ஜனவரி 8

இன்று வீட்டுக்குக் கிளம்பினோம். பெட்ரோல் தாராளமாகக் கிடைக்கிறது. தண்டில் வெல்டு பண்ணிய மேட்டை ராவியெடுத்துப் பெட்ரோலுக்கே மாற்றிவிடுகிறேன், ஒரு நாள் பொறு என்றேன். மாமியாரும் அதுதான் சரி என்றார்.

மங்கை பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு முன் ஸீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

"விறகு இருக்கில்ல?" என்றாள்.